கார் ஏசியில் கேஸ் லீக் ஆனால் ஏன் வாசனையே வருவதில்லை? யார் இந்த தாமஸ் மிட்ஜ்லி?

போன வருஷம் வரை ஜில்லுனு இருந்த கார் ஏசி, இந்த வருஷம் சித்திரை வெயிலில் வெறும் காற்றை மட்டும் ஊதுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். கேஸ் போயிடுச்சு, ஃபில் பண்ணணும்.

ஆனால் ஏசி கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டை வழியாக மாசக்கணக்கில் கேஸ் வெளியே போயிருக்கும். காருக்குள் உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரிந்திருக்காது. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமல் வராது.

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. குளிர்பதனப் பெட்டியில் கேஸ் கசிந்தால் வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு ஓட வேண்டியிருந்தது. சில வீடுகளில் ஓட முடியாமல் செத்தும் போனார்கள். அதை மாற்றியவர் அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி. 55 வயதில் இறந்துபோன இவருடைய பெயர், கண்டுபிடிப்புகளுக்காகப் புகழப்பட்டதை விட, பிற்காலத்தில் அதே கண்டுபிடிப்புகளுக்காகத் திட்டப்பட்டதுதான் அதிகம். அவ்வளவும் அவர் தலையில் ஏற்ற வேண்டியதுதானா?

மெக்கானிக்கல் படித்துவிட்டு கெமிஸ்ட்ரிக்கு வந்தவர்

மிட்ஜ்லி பிறந்தது 1889 மே 18. ஊர், பென்சில்வேனியா மாகாணத்தின் பீவர் ஃபால்ஸ். வளர்ந்தது ஒஹையோவில். அப்பாவும் கண்டுபிடிப்பாளர், டயர் தொழிலில் இருந்தவர். மகன் 1911ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். கெமிஸ்ட்ரியில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் பின்னாளில் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவர் ஆனதும் இவர்தான்.

1916ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் நடத்திய ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். கார்களுக்கு எலெக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர் அந்த கெட்டரிங். அந்த ஆராய்ச்சிக் கூடம் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் வசம் போனது. மிட்ஜ்லியின் கையில் கொடுக்கப்பட்ட முதல் பெரிய வேலை, இன்ஜின் இடிப்பதை நிறுத்துவது.

பெட்ரோல் சிலிண்டருக்குள் நேரம் தவறி வெடித்தால் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். நாக்கிங் என்பார்கள். இன்ஜின் பலம் குறையும், பிஸ்டனும் பாழாகும். பெட்ரோலில் எதைக் கலந்தால் இது நிற்கும் என்று வருஷக்கணக்கில் கண்ணில் பட்டதையெல்லாம் கலந்து பார்த்தார்கள். 1921 டிசம்பர் 9 அன்று விடை கிடைத்தது. டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயச் சேர்மம். மிகக் கொஞ்சம் சேர்த்தாலே போதும், இடிப்பு நின்றுவிட்டது.

விற்பனைக்கு வந்தபோது அதற்கு வைத்த பெயர் எத்தில். காரீயம் என்ற வார்த்தையைக் காணோம். காரீயம் விஷம் என்பது அப்போதே ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

கையில் ஊற்றிக் காட்டிய நாள்

மிட்ஜ்லிக்கு அது ஊர் சொல்லித் தெரிந்த விஷயமும் இல்லை. 1923 தொடக்கத்திலேயே அவருடைய உடம்பில் காரீயம் ஏறியிருந்தது. வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, உடம்பு தேற ஃபுளோரிடா பக்கம் போய் இருந்தார்.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். சித்தம் கலங்கி, கட்டிப்போட வேண்டிய நிலையில் சிலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 30க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. பத்திரிகைகள் விடவில்லை.

அந்த மாதம் 30ஆம் தேதி நிருபர்கள் முன்னால் வந்து நின்றார் மிட்ஜ்லி. டெட்ரா எத்தில் லெட் திரவத்தைத் தன் கைகளில் ஊற்றிக்கொண்டார். பாட்டிலை மூக்குக்கு அருகில் வைத்து சுமார் ஒரு நிமிடம் முகர்ந்தார். தினமும் இப்படிச் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்கிற தோரணை. தானே அதனால் படுத்துக் கிடந்தவர் என்பதை அங்கே சொல்லவில்லை.

ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். எத்திலுக்குக் காப்புரிமை இருந்தது. கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கப்பட்ட விற்பனை 1926ல் மறுபடி தொடங்கியது. காரீயப் பெட்ரோல் இந்தியாவில் முழுமையாக ஒழிந்தது 2000ல். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் காரீயம் இல்லாத பெட்ரோல் வந்ததே 1995 ஏப்ரலில்தான். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021ல் அதைக் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறைகளின் ரத்தத்தில் அந்தக் காரீயம் கலந்திருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும் என்பதில் இன்று மருத்துவ உலகத்துக்குச் சந்தேகம் இல்லை.

இந்த விஷயத்தில் மிட்ஜ்லிக்குச் சாதகமாகச் சொல்ல அதிகம் இல்லை. தெரிந்தே செய்தார்.

ஃப்ரிட்ஜ் என்றாலே பயம்

அடுத்த கதை வேறு மாதிரி. இதைப் புரிந்துகொள்ள 1920களின் ஃப்ரிட்ஜுக்குள் என்ன கேஸ் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா. அன்றைய குளிரூட்டி வாயுக்களில் முக்கியமானவை இவைதான். மூன்றுமே நச்சு. சல்ஃபர் டை ஆக்சைடு கசிந்தால் மூக்கும் கண்ணும் எரிந்து, ஆள் தானாகவே வெளியே ஓடிவிடுவார். ஒரு வகையில் அதுவே எச்சரிக்கை மணி. மெத்தில் குளோரைடு அப்படி இல்லை. லேசான இனிப்பு வாசனைதான் வரும், தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பாது. சிகாகோவில் 1928-29ல் வீட்டு ஃப்ரிட்ஜ்களிலிருந்து கசிந்த மெத்தில் குளோரைடு பல உயிர்களைக் குடித்தது.

கசிவு எங்கிருந்து வரும்? கம்ப்ரஸரைச் சுற்றும் தண்டு, கேஸ் இருக்கும் கூட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிற இடத்திலிருந்து. அங்கே ஒரு சீல் இருக்கும். சுற்றிச் சுற்றி அது தேய்ந்தால் கேஸ் வெளியே வரும். ஆல்பர்ட் ஐன்ஸ்டைனே இந்தப் பிரச்சினையில் இறங்கியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1926 முதல் லியோ சிலார்டுடன் சேர்ந்து, சுற்றும் பாகமோ சீலோ இல்லாத ஃப்ரிட்ஜ் வடிவங்களுக்குக் காப்புரிமை வாங்கினார். ஓட்டை விழ இடமே இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய வழி.

மிட்ஜ்லியின் வழி நேர் எதிர். ஓட்டை விழுந்தால் விழட்டும், வெளியே வருகிற கேஸ் யாரையும் கொல்லக் கூடாது.

ஒரு தப்பான எண், ஒரு நல்ல பாட்டில்

1928ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரிட்ஜ் பிரிவான ஃப்ரிஜிடேருக்காக இந்த வேலை அவரிடம் வந்தது. நச்சு இல்லாத, தீப்பிடிக்காத, 0 முதல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்குள் கொதிக்கிற ஒரு பொருள் வேண்டும். ஆல்பர்ட் ஹென், ராபர்ட் மெக்நேரி என்ற இரண்டு உதவியாளர்களுடன் நூலகத்தில் உட்கார்ந்தார்.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வேதியியல் தகவல் தொகுப்பு ஒன்றில் கார்பன் டெட்ரா ஃபுளோரைடின் கொதிநிலை மைனஸ் 15 டிகிரி என்று அச்சாகியிருந்தது. உண்மையில் அது மைனஸ் 128 டிகிரி. அச்சில் இருந்த அந்தத் தப்பான எண்தான் அவர்களை முதலில் ஃபுளோரின் பக்கம் யோசிக்க வைத்தது.

பிறகு தனிம வரிசை அட்டவணையை எடுத்தார் மிட்ஜ்லி. எளிதில் ஆவியாகும் சேர்மங்களைத் தருகிற தனிமங்கள் எல்லாம் அட்டவணையின் வலப்பக்கத்தில் கூடியிருந்தன. இடமிருந்து வலமாகப் போகப் போகத் தீப்பிடிக்கும் தன்மை குறைகிறது. கீழிருந்து மேலே போகப் போக நச்சுத்தன்மை குறைகிறது. இரண்டு கோடுகளும் சந்திக்கிற மூலையில் ஃபுளோரின் நின்றது. ஃபுளோரின் சேர்ந்தாலே விஷம் என்று பலரும் நம்பிய காலம் அது. அதைத்தான் தொட வேண்டும் என்று முடிவெடுத்தார்.

சோதனைக்கு ஆன்டிமனி ட்ரை ஃபுளோரைடு என்ற பொருள் தேவைப்பட்டது. ஒவ்வொன்றும் ஒரு அவுன்ஸ் கொண்ட ஐந்து பாட்டில்கள் வரவழைக்கப்பட்டன. அன்றைக்கு அமெரிக்காவில் கிடைத்ததே ஏறக்குறைய அவ்வளவுதான். ஏதோ ஒரு பாட்டிலை எடுத்து, புதிய கேஸைக் கொஞ்சம் தயாரித்து, கண்ணாடி மூடிக்குள் ஒரு கினிப் பன்றியை வைத்து அதைச் செலுத்தினார்கள். கினிப் பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது பாட்டிலில் தயாரித்ததைச் செலுத்தியபோது கினிப் பன்றி மூச்சுத் திணறிச் செத்தது. மூன்றாவதை முகர்ந்து பார்த்தார்கள். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் வாசனை அடித்தது. பாட்டிலில் இருந்த பொருளில் ஈரம் கலந்த கலப்படம் இருந்ததால் வந்த வினை. ஐந்தில் நான்கு பாட்டில்கள் அப்படித்தான் இருந்தன. முதலில் கைக்கு வந்தது மட்டும் சுத்தமானது. அந்த நான்கில் ஒன்றை முதலில் எடுத்திருந்தால் அன்றோடு முயற்சியையே கைவிட்டிருப்போமோ என்று மிட்ஜ்லியே பிறகு யோசித்தார்.

இந்த ஆராய்ச்சியிலிருந்து வந்த குடும்பம்தான் குளோரோ ஃபுளோரோ கார்பன்கள், சுருக்கமாக சிஎஃப்சி. அதில் ஆர்-12 என்று எண் பெற்ற கேஸ், மைனஸ் 29.8 டிகிரியில் கொதிக்கும். ஃப்ரீயான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

1930 ஏப்ரலில் அட்லான்டாவில் நடந்த வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி புதிய கேஸை நெஞ்சு நிறைய இழுத்தார். எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தி மேல் ஊதினார். மெழுகுவர்த்தி அணைந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கேஸும் தீப்பிடிக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நிருபர்களிடம் காட்டியதும் வித்தைதான், இதுவும் வித்தைதான். ஆனால் இந்த முறை அவர் எதையும் மறைக்கவில்லை. உடனடி நச்சைப் பொறுத்தவரை அந்த கேஸ் உண்மையிலேயே சாதுவாக இருந்தது.

அதே 1930ல் பிரிட்டனில் சிட்னி சாப்மன் என்ற விஞ்ஞானி, வானத்தின் மேல் அடுக்கில் ஓசோன் எப்படி உருவாகிறது, எப்படி அழிகிறது என்று விளக்கினார். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அன்றைக்கு உலகத்தில் ஒருவரும் நினைக்கவில்லை.

காருக்குள் வந்தது ஏசி

ஆபத்தில்லாத கேஸ் கிடைத்ததும், மூடிய காருக்குள் அதை வைக்கும் தைரியம் வந்தது. அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1939ல் ஏசி பொருத்திய காரைக் காட்சிக்கு வைத்தது. குளிர்விக்கும் பாகம் பின் சீட்டுக்குப் பின்னால் டிக்கியில். கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும்! 1969 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் ஏசியோடு வந்தன. எல்லாவற்றிலும் ஆர்-12.

பிரச்சினை ஆரம்பித்தது இங்கேதான். வீட்டு ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்ட் செய்யப்பட்டிருக்கும். கேஸ் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். காரில் அது முடியாது. இன்ஜின் பெல்ட்தான் கம்ப்ரஸரைச் சுற்றுகிறது; அதனால் தண்டு வெளியே வந்தே ஆக வேண்டும், சீல் இருந்தே ஆக வேண்டும். இன்ஜின் அதிர்வதால் முழுக்க உலோகக் குழாய் போட முடியாது; ரப்பர் ஹோஸ் வேண்டும். ரப்பர் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக கேஸ் ஊடுருவிப் போகும். இணைப்புகளில் ஓ-ரிங் காய்ந்து வெடிக்கும். வண்டியின் முகப்பில் இருக்கும் கண்டென்சரில் கல் தெறிக்கும்.

ஆக, கார் ஏசி என்பது கசிந்தே தீரும் பொருள். சல்ஃபர் டை ஆக்சைடாக இருந்திருந்தால் டிரைவர் அடுத்த நிமிடம் வண்டியை நிறுத்தியிருப்பார். ஆர்-12 கசிந்ததை யாரும் உணரவே இல்லை. ஏசி கூல் குறைந்ததும் கடையில் ஒரு சின்ன டப்பா வாங்கி ஏற்றிக்கொண்டார்கள். மலிவு. ஓட்டையைத் தேடுவதற்கு ஆகும் கூலியை விட மறுபடி நிரப்புவது லாபம். யாருக்கும் கெடுதல் இல்லாத கேஸ்தானே, போனால் போகட்டும். இப்படித்தான் அமெரிக்காவில் ஆர்-12ஐ அதிகம் விழுங்கும் பொருளாக கார் ஏசி மாறியது.

தேடிய மெக்கானிக்குகளும் இருந்தார்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. ஹேலைடு டார்ச் இன்னொரு வழி. சின்ன கேஸ் விளக்கு, அதன் சுடரில் ஒரு செம்புத் தகடு, காற்றை உறிஞ்ச ஒரு ரப்பர் குழாய். குழாயின் முனையை ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் கொண்டு போவார்கள். காற்றை விடக் கனமான கேஸ் என்பதால் அடியில்தான் தேட வேண்டும். லீக் இருந்தால் கேஸில் உள்ள குளோரின் செம்பில் பட்டு, சுடர் பச்சையாக மாறும். அந்தக் குளோரின்தான் பின்னால் மேலே போய் வேறு வேலை செய்தது.

கயிறும் கப்பியும்

அதையெல்லாம் பார்க்க மிட்ஜ்லி இருக்கவில்லை. 1940ல், 51 வயதில், போலியோ தாக்கி நடக்க முடியாமல் போனது. படுக்கையிலிருந்து தன்னைத் தானே தூக்கிக்கொள்ள, கயிறுகளும் கப்பிகளும் கொண்ட ஒரு அமைப்பை அவரே வடிவமைத்தார். 1941ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் உயரிய விருதான பிரீஸ்ட்லி பதக்கம் கிடைத்தது. 1944ல் அந்தச் சங்கத்துக்கே தலைவர். 100க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன.

1944 நவம்பர் 2 அன்று ஒஹையோவின் வொர்திங்டனில் உள்ள வீட்டில், அதே கயிறுகளில் சிக்கி மூச்சு முட்டி இறந்து கிடந்தார். விபத்து என்றே அன்று வெளியே சொல்லப்பட்டது. தற்கொலை என்று கருதுபவர்களும் உண்டு. தன் கண்டுபிடிப்பாலேயே செத்தவர் என்று இணையத்தில் இதைக் கிண்டலாகப் பகிர்கிறார்கள். நான்கு வருஷம் படுக்கையில் கிடந்த ஒரு மனிதரின் முடிவு அது.

வானத்தில் போட்ட கணக்கு

கசிந்த கேஸ் எங்கே போனது என்று முதலில் தேடியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக். காற்றில் இம்மி அளவு கலந்திருக்கும் குளோரின் சேர்மங்களைக் கூடக் கண்டுபிடிக்கும் கருவியை அவர் 1957ல் உருவாக்கியிருந்தார். 1971ல் அன்டார்டிகா நோக்கிப் போன ஷாக்கிள்டன் கப்பலில் அதை எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம், ஆள் நடமாட்டமே இல்லாத நடுக்கடலில் கூட, சிஎஃப்சி இருந்தது. எதனோடும் வினை புரியாத கேஸ் என்பதால் எங்கேயும் அழியவில்லை. எந்தக் குணத்துக்காக மிட்ஜ்லி அதைத் தேர்ந்தெடுத்தாரோ, அதே குணம்தான் காரணம்.

1974ல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் மீதிக் கதையைச் சொன்னார்கள். கீழே அழியாத சிஎஃப்சி மெதுவாக மேலே போகிறது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுகிறது. ஒரு குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க முடியும். 1985ல் அன்டார்டிகா மேல் ஓசோன் ஓட்டை பற்றிய ஆய்வு வெளியானது. 1987 செப்டம்பர் 16ல் மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. இந்தியா 1992ல் இணைந்தது. மொலினாவுக்கும் ரோலண்டுக்கும், பால் க்ருட்ஸனோடு சேர்த்து 1995ல் நோபல் பரிசு.

உலகத்துக்கே அதிகக் கேடு செய்த தனிமனிதர் என்று மிட்ஜ்லியைப் பற்றி அடிக்கடி தலைப்பு வைக்கிறார்கள். காரீயத்தையும் ஃப்ரீயானையும் ஒரே மூட்டையில் கட்டுவதால் வரும் தலைப்பு அது. காரீயத்தில் அவருக்கு உண்மை தெரியும், மறைத்தார். ஃப்ரீயானில் அவர் காப்பாற்ற நினைத்தது சிகாகோவில் தூக்கத்திலேயே செத்துப் போனது போன்ற குடும்பங்களை. அதைச் செய்தும் காட்டினார். ஓட்டையைத் தேடாமல் டப்பா டப்பாவாக நிரப்பிக்கொண்டே போனது அவர் இறந்த பிறகு வந்த முப்பது நாற்பது வருஷங்களின் வேலை.

இப்போது உங்கள் காரில் இருப்பது என்ன?

1990களில் கார்கள் ஆர்-134ஏ என்ற கேஸுக்கு மாறின. இதில் குளோரின் கிடையாது, ஓசோனுக்கு ஆபத்து இல்லை. குளோரின் இல்லாததால் பழைய ஹேலைடு டார்ச் இதன் லீக்கைக் காட்டாது, சுடர் பச்சையாகாது. அதனால்தான் இன்று எலெக்ட்ரானிக் டிடெக்டர், நைட்ரஜன் பிரஷர் டெஸ்ட், யுவி டை என்று போகிறார்கள். யுவி டை என்பது கேஸோடு சுற்றும் எண்ணெயில் கலக்கிற சாயம். லீக் ஆகிற இடத்தில் எண்ணெயும் சேர்ந்து கசியும். யுவி லைட் அடித்தால் அந்த இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். சாயம் இல்லாமலும் சில நேரம் கண்டுபிடிக்கலாம். ஏசி பைப் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

ஆர்-134ஏவுக்கும் ஒரு குறை உண்டு. நூறு வருஷக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஒரு காரிலிருந்து அரை கிலோ கசிந்தால், அது சுமார் 300 லிட்டர் பெட்ரோல் எரித்த புகைக்குச் சமம். லீக்கை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றினால் பர்ஸுக்கும் அடி, வெளியேயும் அடி. 2016ல் கிகாலியில் நாடுகள் கூடி இந்த வகை கேஸ்களையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன.

அடுத்து வந்திருக்கும் ஆர்-1234ஒய்எஃப், காற்றில் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. தீப்பிடிக்கவே கூடாது என்று மிட்ஜ்லி 1928ல் வைத்த நிபந்தனையை இன்றைய கார் நிறுவனங்கள் தெரிந்தே தளர்த்தியிருக்கின்றன. இந்த கேஸைக் கையாள ஒர்க்‌ஷாப்பில் தனி மெஷின் வேண்டும், இரண்டு கேஸ்களையும் கலக்கக் கூடாது. பானட்டைத் திறந்தால் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கு எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பொதுவாகப் போட்டிருக்கும். நிரப்பச் சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள். எத்தனை கிராம் குறைந்திருக்கிறது, எங்கே லீக் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.